கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கையில் கிடைத்த ஏஜிஎம் நோட்டீஸ் செல்லுமா?

கொழுந்துக்கூடை:
எல்லோருக்கும் வணக்கம். விஷயம் சின்னதுதான், கேட்க ஆள் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

அம்மா மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்த காலத்தில் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்கு கொடுத்தார்களே, அதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் வந்தது. அப்பா இப்போது இல்லை. இரண்டு காகிதமும் தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களோடு கிடக்கின்றன.

ஜூன் 26 புதன்கிழமை அம்மா வேறு வேலையாகத் தோட்ட ஆபிசுக்குப் போனபோது, "இது உங்களுக்குத்தான் போல" என்று கிளாக்கர் ஒரு கவரை நீட்டியிருக்கிறார். பிரித்தால் முழுக்க ஆங்கிலம். வருடாந்தப் பொதுக்கூட்டம் (ஏஜிஎம்), 2024 ஜூன் 28 வெள்ளி, காலை 10 மணி, கொழும்பில். கவரில் தபால் சீல் ஜூன் 3. கூட்டம் நேற்று முடிந்தும் விட்டது.

இதற்கு எத்தனை நாள் முன்னால் அறிவிக்க வேண்டும்? இந்த நோட்டீஸ் செல்லுமா? தமிழில் அனுப்பச் சொல்ல முடியாதா? அம்மாவுக்குப் பதிலாக நான் போகலாமா?

பெரட்டுக்களம்:
தங்கச்சி, மனசை விட்டுவிடாதே, ஆனால் உண்மையைச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கிற பங்கை வைத்து அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது. விடியற்காலை பஸ் பிடித்து, ஒரு நாள் பேரையும் (சம்பளத்தையும்) விட்டு, கொழும்புக்குப் போய் ஒரு பெட்டிஸும் டீயும் குடித்துவிட்டு வருவதுதான் மிச்சம். நான் ஒருமுறை போய்ப் பார்த்தவன். பதினைந்தே நிமிடத்தில் முடித்தார்கள்.

மூடுபனி:
நான் பண்டாரவளை. கொழும்பில் கம்பனிச் செயலாளர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் பல வருடமாக இருக்கிறேன். இந்த மாதிரி நோட்டீஸ்களைத் தயாரிப்பதே என் பிழைப்பு. பெரட்டுக்களம் அண்ணன் சொல்வது பாதி சரி. மற்றப் பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கம்பனி ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் ஒரு வருடாந்தப் பொதுக்கூட்டம் வைக்க வேண்டும். ஐந்தொகைத் திகதியிலிருந்து (நிதியாண்டுக் கணக்கு முடியும் நாள்) 6 மாதத்துக்குள், போன கூட்டத்திலிருந்து 15 மாதத்துக்குள். பங்குச் சந்தையில் இருக்கிற தோட்டக் கம்பனி மாதிரி ஒன்றுக்கு, இந்தக் கூட்டத்துக்கான எழுத்து அறிவித்தல் 15 வேலை நாள். பதினைந்து நாள் இல்லை, பதினைந்து வேலை நாள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சனி, ஞாயிறு, அரச விடுமுறை எதுவும் கணக்கில் வராது. நம் நாட்டில் மாதத்துக்கு ஒரு போயாவாவது (பௌர்ணமி விடுமுறை) உண்டு.

உங்கள் கூட்டத்தையே எண்ணிப் பார்ப்போம். ஜூன் 28ஐ விட்டுவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். 27, 26, 25, 24 நான்கு. 21 பொசன் போயா, போச்சு. 20, 19, 18 சேர்த்து ஏழு. 17 ஹஜ் பெருநாள், அதுவும் போச்சு. 14 வெள்ளியிலிருந்து 10 திங்கள் வரை ஐந்து, மொத்தம் பன்னிரண்டு. 7, 6, 5 சேர்த்தால் பதினைந்து. ஆகவே ஜூன் 4ஆம் திகதிக்குள் நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பதினைந்து என்று சொன்னாலும் நாட்காட்டியில் பார்த்தால் மூன்றரை வாரம்.

சீல் ஜூன் 3. இப்போது கேள்வி, தபாலில் போட்ட நாளா, கிடைத்த நாளா? பெரும்பாலும் கம்பனியின் சங்க விதிகளிலேயே (கம்பனியின் சொந்த உள்விதிகள்) தபாலில் போட்ட கடிதம் எத்தனை மணி நேரத்தில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதியிருக்கும். மறுநாள் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வோம் என்று இருந்தால், ஜூன் 4. நூலிழையில் தப்பிவிட்டார்கள். அதைவிடக் கூடுதல் நாள் போட்டிருந்தால் நோட்டீஸில் குறை இருக்கிறது. அந்த விதிகளைப் பார்க்காமல் நான் செல்லும் செல்லாது என்று சொன்னால் அது வாய்ச்சவடால். பிரதியைக் கம்பனியிடமே கேட்கலாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்திலும் கட்டணம் கட்டி எடுக்கலாம்.

கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கிற காகிதத்தைவிட இப்போதைக்கு அந்தக் கவர்தான் பெறுமதி.

லயத்துக்கோடி:
தமிழில் அனுப்பாதது சட்டப்படி பிழை. தமிழ் அரசகரும மொழி. அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதை வைத்தே மொத்தக் கூட்டத்தையும் அடித்து நொறுக்கலாம். வழக்குப் போடுங்கள்.

மூடுபனி:
லயத்துக்கோடி தம்பி, நானும் அப்படித்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் அரசகரும மொழி ஏற்பாடுகள் கட்டுப்படுத்துவது அரச நிறுவனங்களை. தனியார் கம்பனி தன் பங்குதாரருக்கு எழுதும் கடிதம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கம்பனிகள் சட்டம் சொல்லவில்லை. அதே சட்டம் "பொது அறிவித்தல்" என்று எங்கே கேட்கிறதோ அங்கே மட்டும் வர்த்தமானியும், மூன்று மொழியிலும் பத்திரிகை அறிவித்தலும் வேண்டும். கம்பனி பதிவானதும் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி போடுகிறார்களே, அது அந்த வகை. பொதுக்கூட்ட நோட்டீஸ் அந்த வகையில் இல்லை.

ஆனால் கேட்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. தொழிலாளிக்கே பங்கு கொடுத்த கம்பனி, அந்தத் தொழிலாளி வாசிக்க முடியாத மொழியில் ஐந்து பக்கம் அனுப்புவது சட்டத்துக்குள் இருக்கலாம். முறை இல்லை. நான் வேலை செய்கிற இடத்திலேயே இதைச் சொல்லி, "யாரும் இதுவரை கேட்கலையே" என்ற பதிலை வாங்கியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை என்பது மட்டும் உண்மை.

பழைய கிளாக்கர்:
கிளாக்கர் பெயர் அடிபடுவதால் உள்ளே வருகிறேன். ரிட்டயர் ஆகி நாளாகிவிட்டது.

இந்த இழையில் எல்லோரும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜூன் 3 போட்ட கடிதம் 26ஆம் திகதி வரை எங்கே இருந்தது என்று யோசியுங்கள். லயத்துக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். தப்பால்காரர் (தோட்டத்துக்குத் தபால் எடுத்து வருபவர்) தபால் கந்தோருக்குப் போய் பையை எடுத்து வருவார், பை ஆபிசில் அவிழும், தொரைக்கு (தோட்ட முகாமையாளர்) உரியது ஒரு பக்கம், ஆபிசுக்கு உரியது ஒரு பக்கம், மிச்சம் மேசை மூலையில். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். கங்காணி பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) வைத்து "லெட்டர் வந்திருக்கு" என்று கத்துவார். அந்த ஆள் அன்றைக்கு வேலைக்கு வராவிட்டால் கடிதம் மறுபடி மேசைக்கு. வேலையை விட்டுப் போனவர் என்றால் கேட்கவே வேண்டாம், பெரட்டுக்கே வர மாட்டார்.

நான் வேண்டுமென்று ஒரு கடிதத்தையும் ஒளித்ததில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அச்சடித்த தடித்த கவர் வந்தால், ஏதோ விளம்பரம் என்று ஒதுக்கியது உண்டு. இப்போது நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கொழுந்துக்கூடை:
பழைய கிளாக்கர் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் கதை. நாங்கள் லயத்தில் இல்லை, ஏழு பேர்ச் வீட்டுத் திட்டத்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. கம்பனிக்கு அது தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்றே தெரியாது.

மூடுபனி அக்கா, நோட்டீஸில் ஒரு வரி அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டது. ஒரு பணிப்பாளரின் பெயர் போட்டு, வயது 74 என்று எழுதி, 210ஆம் பிரிவில் சொன்ன 70 வயது எல்லை அவருக்குப் பொருந்தாது என்று தீர்மானிக்க வேண்டுமாம். "எனக்கு மட்டும் வயசாச்சுன்னு வீட்டுக்கு அனுப்பினாங்க, அவருக்குப் பொருந்தாதா?" என்று கேட்கிறார். இது என்ன கணக்கு?

மூடுபனி:
அம்மா கேட்டது மிக நல்ல கேள்வி. பொதுக் கம்பனியில் 70 வயதைத் தாண்டியவரைப் பணிப்பாளராக நியமிக்கக் கூடாது என்பது பொது விதி. பங்குதாரர்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் அந்தத் தடையை விலக்கலாம். வயதை வெளிப்படையாகச் சொல்லித்தான் கேட்க வேண்டும், அதனால்தான் நோட்டீஸில் வயது வருகிறது. அநேகமாக எல்லாக் கம்பனி நோட்டீஸிலும் இந்த வரியைப் பார்ப்பீர்கள். சில கம்பனிகளில் ஒன்று, சிலவற்றில் நாலைந்து. இதில் அம்மாவுக்கு வாக்கு இருக்கிறது. "வேண்டாம்" என்று கையைத் தூக்கலாம்.

நோட்டீஸில் வேறு என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். இடம், நாள், நேரம். என்ன விஷயம் பேசப்படுகிறது என்பதைப் பங்குதாரர் யோசித்து முடிவெடுக்கப் போதுமான அளவு விவரம். விசேட தீர்மானம் இருந்தால் அதன் வாசகம் முழுமையாக. "சங்க விதிகளில் சில திருத்தங்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தப்ப முடியாது. விசேட தீர்மானம் நிறைவேற 75 சதவீத வாக்கு வேண்டும், என்ன வாசகத்துக்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் எப்படி? நன்கொடை பற்றி ஒரு வரி இருக்கும், அது 1951ஆம் ஆண்டின் கம்பனி நன்கொடைச் சட்டத்துக்காக. கணக்காய்வாளர் மறுநியமனம் ஒரு வரி. அப்புறம் கண்ணில் படும்படி ஒரு வரி: வரமுடியாதவர் தனக்குப் பதிலாக ஒரு பதிலாளை நியமிக்கலாம், அந்தப் பதிலாள் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டு உங்கள் பெயரை எழுதினால் நீங்கள் போகலாம். படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னால் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கூட்டம் திங்கள் காலை என்றால் அது சனிக்கிழமைக் காலை. சனிக்கிழமை அந்த ஆபிஸ் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்கள். இந்த 48 மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு தபாலில் வந்த எத்தனையோ படிவங்களை நானே ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆண்டறிக்கையும் அதே 15 வேலை நாளுக்கு முன்னால் பங்குதாரருக்குப் போக வேண்டும். இப்போதெல்லாம் புத்தகத்தை எல்லோருக்கும் அனுப்புவதில்லை. இணையத்தில் போட்டுவிட்டு, அச்சுப் பிரதி வேண்டுமென்றால் கேட்கச் சொல்லி ஒரு படிவம் வைக்கிறார்கள். உங்கள் கவரில் இரண்டாவது காகிதம் ஒன்று இருந்தால் அது அந்தப் படிவமாகத்தான் இருக்கும்.

கரட் லொறி:
அக்கா, இடையில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் சின்னப் பிரைவேட் லிமிட்டட் கம்பனி எங்களுடையது. பங்குதாரர் மூன்றே பேர். நான், என் அண்ணன், என் மச்சான். நோட்டீஸாவது ஏஜிஎம்மாவது, கடையில் டீ குடித்துக்கொண்டே பேசி முடிப்போம், கணக்குப் பார்க்கிறவர் காகிதம் தயாரித்துத் தருவார், கையெழுத்துப் போடுவோம். போன வருடம் மச்சான் கோபித்துக்கொண்டு போனார். இப்போது "எனக்கு நோட்டீஸே வரவில்லை, நீங்கள் போட்ட தீர்மானம் எதுவும் செல்லாது" என்று லோயர் கடிதம் அனுப்பியிருக்கிறார். நானும் அண்ணனும் சேர்ந்தால் 90 சதவீதப் பங்கு. நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதாதா?

மூடுபனி:
போதாது தம்பி. கூட்டம் கூட்டாமல் எழுத்தில் தீர்மானம் போட வழி இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு அளவுகோல். வாக்கில் 85 சதவீதம் வேண்டும், பங்குதாரர் எண்ணிக்கையிலும் 85 சதவீதம் வேண்டும். தலையும் எண்ணப்படும். மூன்று பேரில் இரண்டு பேர் என்றால் அறுபத்தாறு சொச்சம். உங்கள் 90 சதவீதம் அங்கே உதவாது. கையெழுத்துப் போடாதவருக்குப் பிரதி அனுப்பவும் வேண்டும்.

குறுகிய நோட்டீஸில் வருடாந்தப் பொதுக்கூட்டம் வைப்பது என்றால் வாக்குரிமை உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். டீக்கடையில் மூவரும் சிரித்துக்கொண்டு இருந்தவரை அந்தச் சம்மதம் இருந்தது என்று சொல்லலாம். இப்போது இல்லை. ஆகவே முறைப்படி நோட்டீஸ் அனுப்பி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, கூட்டம் வையுங்கள். சாதாரணத் தீர்மானம் (பாதிக்கு மேல் வாக்குப் போதும்) என்றால் உங்கள் 90 சதவீதத்துக்கு அங்கே வேலை உண்டு. பழைய தீர்மானங்களை என்ன செய்வது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காகிதங்களோடு கேளுங்கள். இங்கே வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கரட் லொறி:
மச்சானுக்குப் பதிவுத் தபால்! வீட்டில் சாப்பாடு கிடைக்காது. சரி, அனுப்புகிறேன்.

பெரட்டுக்களம்:
நான் முதலில் எழுதியதில் பாதி சரி என்றீர்களே, மற்றப் பாதி என்ன ஆயிற்று?

மூடுபனி:
மறக்கவில்லை அண்ணே. தனியார்மயத்தின்போது 51 சதவீதம் முகாமைக் கம்பனிகளுக்குப் போயிற்று, 10 சதவீதம் தொழிலாளர்களுக்கு. எண்ணிக்கையில் நீங்கள் வெல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து சதவீதம் என்பது சின்ன எண் இல்லை. சட்டப்படி, வாக்கில் 10 சதவீதம் வைத்திருப்பவர்கள் எழுதிக் கேட்டால் பணிப்பாளர் சபை விசேட பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். ஒரு கம்பனியின் தொழிலாளர் பங்குகள் அத்தனையும் ஒரே கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. நடைமுறையில் பலர் விற்றுவிட்டார்கள், பலர் இறந்துவிட்டார்கள், மிச்சம் தகரப் பெட்டிகளில்.

இன்னொன்று. கை தூக்கினால் ஆளுக்கு ஒன்று. பங்குக் கணக்குப்படி வாக்கெடுப்புக் கேட்டால்தான் பங்குக்கு ஒன்று. உங்கள் தோட்டத்திலிருந்து பத்துப் பேர் ஒரு வேனில் வந்து உட்கார்ந்தால், வாக்கெடுப்பு வரும் வரைக்குமாவது பத்து. நீங்கள் பார்த்த பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடத்தில் முடியாது. கணக்குப் புத்தகத்தில் வீடமைப்புக்கு என்று ஒரு வரி இருந்தால் அது எந்த டிவிசனுக்குப் போனது என்று கேட்கலாம். தலைவர் முகம் சுளிப்பார், பதில் சொல்வார்.

பெரட்டுக்களம்:
வேனுக்கு யார் காசு கொடுப்பது?

லயத்துக்கோடி:
இணையத்தில் கூட்டம் வைக்கலாமே. கொரோனா காலத்தில் எல்லாம் சூமில்தானே நடந்தது.

மூடுபனி:
வைக்கிறார்கள். 2020க்குப் பிறகு பல கம்பனிகள் இணையவழியிலோ, மண்டபமும் இணையமும் கலந்தோ நடத்துகின்றன. அப்படி என்றால் முன்கூட்டியே மின்னஞ்சலோடு பதிவு செய்ய வேண்டும், அந்தப் படிவமும் அதே கவரில்தான் வரும். கவர் 26ஆம் திகதி கையில் கிடைத்தால் அதுவும் போய்விட்டது. எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த மேசை மூலைக்கே வந்து நிற்கிறது.

அதனால் கொழுந்துக்கூடை, உங்களுக்கு நான் சொல்வது வழக்கு இல்லை. மூன்று வரிக் கடிதம், கம்பனிச் செயலாளருக்கு. முகவரி நோட்டீஸின் அடியிலோ ஆண்டறிக்கையின் பின் அட்டையிலோ இருக்கும். அம்மாவின் பெயர் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. அடையாள அட்டை இலக்கம். புதிய விலாசம், முடிந்தால் கிராம சேவகர் உறுதிப்படுத்திய கடிதத்தோடு. தமிழில் நோட்டீஸ் வேண்டும் என்றும் கடைசியில் ஒரு வரி. தமிழிலேயே எழுதுங்கள், வாசிக்க ஆள் தேடட்டும். பங்கு காகிதச் சான்றிதழாக இல்லாமல் சீடிஎஸ் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) இருந்தால் விலாசத்தை அங்கே தரகர் மூலம் மாற்ற வேண்டும். அம்மாவுடையது காகிதம் என்பதால் இது போதும்.

அடுத்த வருடம் கடிதத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பட்டியலிட்ட கம்பனி என்பதால் நோட்டீஸும் ஆண்டறிக்கையும் கொழும்புப் பங்குச் சந்தை இணையத்தளத்தில் வரும். மே, ஜூன் மாதங்களில் வாரம் ஒருமுறை போனில் பாருங்கள்.

பழைய கிளாக்கர்:
ஒரு வார்த்தை. முகவரி மாற்றிய கடிதத்தின் பிரதி ஒன்றைத் தோட்ட ஆபிசிலும் கொடுத்து, வாங்கியதற்கு ஒரு சீல் வாங்குங்கள். கிளாக்கர்மாருக்குச் சீல் அடித்துக் கொடுத்த காகிதம் என்றால் ஒரு பயம் இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

கொழுந்துக்கூடை:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கடிதம் அனுப்பினோம், தமிழில், பதிவுத் தபாலில். பதில் வந்தது, புது வீட்டு விலாசத்துக்கே, ஆங்கிலத்தில். விலாசம் மாற்றியாயிற்றாம். சங்க விதிகளின் அந்தப் பக்கத்தின் போட்டோ கொப்பியும் வைத்திருந்தார்கள். தபாலில் போட்ட மறுநாள் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். அக்கா சொன்ன மாதிரி நூலிழையில் தப்பிவிட்டார்கள். தற்செயலாக ஒருவருக்கு நோட்டீஸ் கிடைக்காமல் போனாலும் கூட்டம் கெடாது என்று அடுத்த வரி. தமிழ் நோட்டீஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்பாவின் பங்கைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை நாங்கள் வாக்களிக்க முடியாது, மரணச் சான்றிதழும் வாரிசுக்கான நீதிமன்றப் பத்திரங்களும் வேண்டும் என்கிறார்கள். பங்கின் பெறுமதியைவிட அதற்குச் செலவு கூடிவிடும் போல.

மூடுபனி:
அப்பாவுடையதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். அவர் பெயரில் வேறு ஏதாவது சொத்தோ வங்கிக் கணக்கோ இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடலாம். ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் கட்டணத்தை மட்டும் விசாரியுங்கள். இதுவரை எடுக்காத பங்கிலாபம் ஏதும் இருக்கிறதா என்று கம்பனிச் செயலாளரிடமும் கேளுங்கள். விலாசம் தவறிய பங்குதாரர்களுக்கு அனுப்பிய காசோலைகள் திரும்பி வந்து கிடப்பது உண்டு.

தமிழ் நோட்டீஸுக்கு மறுபடி எழுதுங்கள். இரண்டாவது கடிதத்தில் இன்னும் சில பங்குதாரர்களின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

கொழுந்துக்கூடை:
அம்மா டிவிசன் முழுக்கச் சொல்லிவிட்டார். இதுவரை ஆறு பேர் தகரப் பெட்டியைத் திறந்து சான்றிதழ் கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கரையான் அரித்துவிட்டது, இலக்கம் மட்டும் தெரிகிறது. அதற்கு என்ன செய்வது?

மூடுபனி:
இலக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும், மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சத்தியக் கடதாசி கேட்பார்கள். அரித்த காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், லெமினேட் பண்ண வேண்டாம்.

பெரட்டுக்களம்:
ஆறு பேரா? என்னுடையதையும் தேடிப் பார்க்கிறேன். வேனுக்கு என்ன விலை சொல்வான் என்று அப்படியே விசாரிக்கிறேன்.